அப்பாவோட லேப் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகர் இருந்தால், லேப் ரிப்போர்ட் பிடிஎஃப் முதலில் உங்க வாட்ஸ்அப்புக்குத்தான் வரும். "என்ன போட்டிருக்கு, பாரு"ன்னு கேட்பாங்க. "கிரியாட்டினின் 1.1, நார்மல்தான்"னு சொல்லிட்டு நீங்களும் அடுத்த வேலைக்குப் போயிடுவீங்க. அந்த நார்மலை அவ்வளவு நம்பலாமா?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கு. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, 1 அல்லது 2 லிட்டரை மட்டும் வெளியே விட்டு, மீதியை ரத்தத்துக்கே திருப்பி அனுப்புது. சில லட்சம் நெஃப்ரான்கள் கெட்டாலும் மற்றவை அந்த லோடை ஏத்துக்கும். அதனால வடிகட்டும் திறன் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் பலருக்கு கிரியாட்டினின் எல்லையைத் தாண்டும். அதுவரை வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது.

முதல் தடயம் கிடைப்பது சிறுநீரில். சுகர் வருஷக்கணக்கில் அதிகமா இருந்தா வடிகட்டிக்குள் அழுத்தம் ஏறி, சல்லடை பழுதாகி, ரத்தத்திலேயே தங்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் கசிய ஆரம்பிக்கும். இதை அளப்பதுதான் யூரின் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம், சுருக்கமா ஏசிஆர். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தா சரி. 30 முதல் 300 வரை என்றால் கசிவு தொடங்கியாச்சு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி இருந்தாலும் இது தற்காலிகமா ஏறும். அதனால 3 முதல் 6 மாதத்துக்குள் மூணு தடவை பார்த்து, ரெண்டு தடவையாவது அதிகமா இருந்தாத்தான் உறுதி செய்வாங்க. டைப் 2 என்றால், நோய் தெரிஞ்ச நாளிலிருந்தே வருஷம் ஒரு முறை பார்க்கணும். செக்கப் பேக்கேஜ்ல இது இல்லைன்னா தனியா கேட்டு வாங்குங்க.

இப்போ கொழுப்புப் பக்கம். ஒரு உதாரண ரிப்போர்ட்: மொத்த கொலஸ்ட்ரால் 190, ஹெச்டிஎல் 34, ட்ரைகிளிசரைடு 260, எல்டிஎல் 104. பல லேப்களில் இந்த எல்டிஎல் நேரடியா அளந்தது இல்லை, கணக்குப் போட்டது. 1972-ல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம் அது: மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கணும். 190 − 34 − 52 = 104. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினா இந்தக் கணக்கே செல்லாது.

சுகர் உள்ளவங்களுக்கு ட்ரைகிளிசரைடு ஏறுவதும் ஹெச்டிஎல் இறங்குவதும் வழக்கம். இன்சுலின் சரியா வேலை செய்யாததால கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குப் பாயும். கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடா பேக் பண்ணி ரத்தத்துக்கு அனுப்பும். எல்டிஎல் துகள்களும் சின்னதா, எண்ணிக்கையில் அதிகமா ஆகும். அதனால 104-ஐ மட்டும் பார்க்காதீங்க. மொத்தத்தில் ஹெச்டிஎல்லைக் கழிச்சா வரும் 156-ஐப் பாருங்க. எல்டிஎல் இலக்கு 100 என்றால், இதுக்கு இலக்கு 130. எவ்வளவு தள்ளி நிக்குது பாத்தீங்களா?

ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கொண்ணு தொடர்பு உள்ளவை. சிறுநீரகம் தளர்ந்தா, ட்ரைகிளிசரைடை உடைக்கும் நொதியும் மந்தமாகும். ஆல்புமின் நிறைய வெளியேறினா கல்லீரல் கொலஸ்ட்ராலையும் கூடுதலா தயாரிக்கும். எல்லாருக்கும் டயாலிசிஸ் பயம்தான். ஆனா இந்த நிலையில் இருக்கும் பலரை அதுக்கு முன்னாடியே தாக்குவது மாரடைப்பு. டாக்டர் ஸ்டாட்டின் எழுதித் தருவது அதுக்காகத்தான். "கொலஸ்ட்ரால் இறங்கிடுச்சே, இனி எதுக்கு மாத்திரை"ன்னு வீட்டில் நிறுத்த விடாதீங்க, இறங்கியதே மாத்திரையால்தான்.

சிறுநீரகத்தைக் காப்பது முக்கியமா பிபி, சுகர் ரெண்டும் கட்டுக்குள் இருப்பது. ஆல்புமின் கசிவு இருந்தா லோசார்ட்டன் மாதிரி மருந்துகளும் உண்டு. 2019-ல் வெளியான கிரெடென்ஸ் ஆய்வுக்குப் பிறகு எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகளும் சேர்ந்தாச்சு. எது, எவ்வளவு என்பது டாக்டர் வேலை. உங்க வேலை, மூட்டு வலிக்குன்னு மெடிக்கல் ஷாப்பில் அப்பா தானா வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் பட்டையை டாக்டரிடம் எடுத்துக் காட்டுவது. வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே குறைக்கும். அது பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரியும் இருக்காது.