ராஜாஜியின் நடைப்பயணமும் நம் சங்க அங்கத்தினரும்

அங்கத்தினர் கல்விப் பகுதிக்கு இம்மாதம் ஒரு பெரியவரின் வாழ்க்கையிலிருந்து பாடம் எடுத்துக்கொள்வோம். பெரியோர் வரலாற்றைப் படிப்பதில் ஓர் அபாயம் உண்டு. அவர்கள் செய்தவை நம்மால் ஆகாதவை என்று எண்ணி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆகவே ராஜாஜியின் நீண்ட வாழ்வு முழுவதையும் இங்கே விரிக்கப் போவதில்லை. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13 முதல் 28 வரையிலான சில நாட்களையும், அவற்றுக்குப் பின்னணியாய் இருந்த சில ஆண்டுகளையும் மட்டும் பார்ப்போம். அந்நாட்களின் தொடக்கம் நமது திருச்சிராப்பள்ளியிலேயே நிகழ்ந்தது என்பதால், இது நம் ஊர்க் கதையும் ஆகும்.

காந்தியடிகள் 1930 மார்ச் 12ஆம் தேதி தேர்ந்தெடுத்த 78 தொண்டர்களுடன் தண்டிக்குப் புறப்பட்டதை யாவரும் அறிவர். அவர் ஏப்ரல் 6ஆம் தேதி உப்புச் சட்டத்தை மீறினார். அடுத்த வாரமே, தமிழ் வருடப் பிறப்பன்று, திருச்சி கன்டோன்மென்டில் டாக்டர் தி. சே. சௌ. ராஜன் அவர்களுடைய இல்லத்திலிருந்து ராஜாஜி தம் தொண்டர்களோடு வேதாரணியத்தை நோக்கி அதிகாலையில் புறப்பட்டார். டாக்டர் ராஜன் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். சீமை சென்று மருத்துவம் பயின்று திரும்பித் திருச்சியில் தொழில் நடத்தியவர். 1937இல் ராஜாஜியின் மந்திரி சபையில் சுகாதார மந்திரியானவர். நல்ல வருவாயுள்ள மருத்துவர் ஒருவர், சர்க்காரின் கண் தம் மீது விழும் என்று தெரிந்தே தம் வீட்டு வாயிலைத் திறந்து வைத்தார். இச்செய்தியைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். எனக்கோ, பயணத்தின் முதல் அடி அவ்வாயிற்படியிலேயே வைக்கப்பட்டதாகத் தோன்றும்.

நடந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். வர விரும்பியோர் அதனினும் மிகப் பலர். எல்லோரையும் சேர்த்துக்கொண்டிருந்தால் ஊர்வலம் பெரிதாகவே இருந்திருக்கும். ராஜாஜி அதை விரும்பவில்லை. அடி வாங்கினாலும் கை ஓங்காதவர், வெயிலில் நடந்தாலும் முணுமுணுக்காதவர், கிடைத்ததை உண்டு கிடைத்த இடத்தில் படுப்பவர் யார் யார் என்று பார்த்து எடுத்துக்கொண்டார். தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரணியம் ஏறத்தாழ 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர். நாளொன்றுக்குச் சராசரி பத்து மைல். சித்திரை வெயிலில் பத்து மைல் என்பது ஒரு நாளைக்கு எவராலும் இயலும். பதினைந்து நாளும் அதே ஒழுங்கில் நடப்பதே கடினம். தலைவருக்கோ அப்பொழுது வயது ஐம்பத்தொன்று, மெலிந்த தேகம். தொண்டருக்கு விதித்த எந்த விதியிலிருந்தும் அவர் தமக்கு விலக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

வழியில் நேர்ந்த சோதனை வேறு விதமானது. தஞ்சை ஜில்லாக் கலெக்டராக இருந்த தார்ன் என்பவர், தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ அளிப்போருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைக்கும் என்று ஊர் ஊராக அறிவித்தார். இதைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நடப்பவரைத் தடுக்காமல், சோறு போடுபவரைத் தடுத்தார். உதவும் கரங்களை அச்சுறுத்தினால் நடப்பவர் தாமே களைத்துவிடுவர் என்பது அவர் கணக்கு. அக்கணக்கு பொய்த்தது. சாலையோர மரக்கிளைகளில் சோற்று மூட்டைகள் தொங்கின. கட்டியவர் யாரென்று தெரியாது. எடுத்து உண்டவர் நன்றி சொல்லவும் ஆள் இல்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் மறைவாக அன்றி வெளிப்படையாகவே தொண்டர்களுக்கு விருந்தளித்துச் சிறை புகுந்தார். வேதாரணியத்திலோ, வைரப்பன் என்னும் முடிதிருத்தும் தொழிலாளி, தாம் சவரம் செய்துகொண்டிருந்தவர் போலீஸ்காரர் என்று அறிந்ததும் பாதியிலேயே கத்தியை மடக்கிவிட்டார். அன்றாடக் கூலியில் வாழ்ந்தவர் அவர். அவரும் சிறை சென்றார்.

ஏப்ரல் 30ஆம் தேதி வைகறையில், ஒரு சிறு அணியுடன் அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்குச் சென்று உப்பு அள்ளிய ராஜாஜி கைது செய்யப்பட்டார். ஆறு மாதத் தண்டனை.

இவ்வளவு ஒழுங்கு பதினைந்து நாட்களில் எங்கிருந்து வந்தது? இவ்வினாவே நம் பாடத்தின் நடுப்பகுதி. அது பதினைந்து நாட்களில் வந்ததன்று.

எட்டாண்டுகளுக்கு முன்பு, 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை, ராஜாஜி வேலூர்ச் சிறையில் இருந்தார். அப்பொழுது அவர் எழுதிய நாட்குறிப்பில் 1922 ஜனவரி மாதத்துப் பகுதியொன்று உண்டு. சுயராஜ்யம் வந்தவுடன் மக்களுக்கு நல்லாட்சியும் இன்பமும் வந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. தேர்தல்களும் அவற்றின் ஊழல்களும், பணத்தின் ஆதிக்கமும், நிர்வாகத் திறமையின்மையும் வாழ்க்கையை நரகமாக்கிவிடும். சிறு வயது முதல் நன்னடத்தையையும் தெய்வ பயத்தையும் அன்பையும் வளர்க்கும் கல்வியே ஒரே நம்பிக்கை என்பது அதன் கருத்து. விடுதலை கிடைப்பதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, விடுதலைக்காகச் சிறையிருந்தவரே இப்படி எழுதினார். அதிகாரம் கைக்கு வருவது ஒன்று. அதை வைத்துக்கொள்ளத் தகுதி பெறுவது வேறொன்று. நம் சங்கங்களில் நிர்வாகக் குழுத் தேர்தலைக் கண்டவர்களுக்கு இதை நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில், ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் அளித்த நிலத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். சேலத்தில் நன்றாக நடந்துகொண்டிருந்த வக்கீல் தொழிலை முன்பே விட்டவர், அங்கே ஒரு குடிசையில் குடியிருந்தார். மழை பொய்த்து வறண்ட பிரதேசம் அது. சுற்றுப்புறக் கிராமப் பெண்கள் பஞ்சைப் பெற்றுச் சென்று, நூற்ற நூலைத் தூக்கிக்கொண்டு பல மைல் நடந்து வருவார்கள். நூலை நிறுத்துக் கூலி கொடுப்பார்கள், அந்நூல் நெசவாளரிடம் செல்லும், கதராகித் திரும்பும், விற்கப்படும். தீண்டாமை பாராட்டாத இடமாகையால் அக்கம்பக்கத்தாரின் வெறுப்பையும் ஆசிரமம் தாங்க வேண்டியிருந்தது.

நெசவாளர் சங்க அங்கத்தினர்களுக்கு இக்காட்சி புதிதன்று. உறையூரிலோ மணமேட்டிலோ நம் சங்க அலுவலகத்தில் இன்று நடப்பதும் அதுவே: நூல் கொடுத்தல், துணி வாங்கல், அளந்து பார்த்தல், கூலி கொடுத்தல், பேரேட்டில் பதிதல். உலகம் அறிந்த ஒரு தலைவர், எடையும் அளவும் கணக்குமாகிய இந்தச் சலிப்பூட்டும் வேலையில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருந்தார். எடைக்கல்லில் நேர்மை, சொன்ன நாளில் கூலி, பேதமற்ற பந்தி. இவற்றில் பழகியிருந்தவர் சோதனை வந்தபோது புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. 1930இன் நடையை 1925இலேயே நடக்கத் தொடங்கிவிட்டார் என்று சொன்னால் மிகையன்று.

கூட்டுறவு இயக்கமும் இதே உண்மையின் மீது எழுந்ததுதான். ஜெர்மனியில் கிராம மேயராக இருந்த ரைஃபைசன் என்பவர் 1864இல் ஹெடெஸ்டார்ஃப் என்னும் ஊரில் கடன் சங்கம் அமைத்தபோது, ஏழைக் குடியானவர்களிடம் அடமானம் வைக்க ஏதுமில்லை. ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பு. அனைவரும் ஒருவரையொருவர் அறிந்தவர். ஆகவே நடத்தையே அடமானம் என்று வைத்தார். அம்முறையைக் கண்டுவர 1892இல் சென்னை சர்க்கார் நியமித்த நிக்கல்சன் துரை, 1895இலும் 1897இலும் இரு பெரும் அறிக்கைகள் எழுதினார். அத்தனை பக்கங்களின் சாரமாக அவர் சொன்னது, முதலில் ரைஃபைசனைப் போன்ற ஒரு மனிதரைத் தேடுங்கள் என்பதே. 1904இல் சட்டம் வந்தது. மனிதரைத் தேடும் வேலை இன்னும் முடியவில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு தலைவரிடம் பாடம் கற்பதென்றால் அவர் செய்தவை அனைத்தும் சரியென்று தலையாட்டுவதன்று. 1953இல் முதலமைச்சராயிருந்த ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் கழிக்க வேண்டும் என்றது. தறிக்காரர் மகன் தறியிலேயே கிடக்க வேண்டுமா என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. குலக்கல்வி என்று பெயர் பெற்ற அத்திட்டம், 1954இல் காமராஜர் பதவியேற்ற பின் கைவிடப்பட்டது. கைவிட்டதே நியாயம் என்பது என் கருத்து. நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி பட்டம் பெற்றுச் சங்கச் செயலாளராக அமர்வதைக் காணும்போதெல்லாம் அது உறுதிப்படுகிறது. தொழிலில் ஒழுக்கம் பழகலாம் என்பது உண்மை. பிறப்பால் தொழில் அமைய வேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படாது.

இனி நம் நிலைமைக்கு வருவோம். சங்கத்தின் நூலைப் பெற்று நெய்த சேலையை, உடனடியாகக் காசு தரும் தனி வியாபாரியிடம் கொடுத்துவிடுவது நம் வட்டாரத்தில் கேள்விப்படாத செய்தியன்று. அப்படிச் செய்பவரைக் கயவர் என்று நான் சொல்லமாட்டேன். பள்ளிக் கட்டணம் நாளைக்குக் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு காத்திராது. சங்கத்தில் கூலி வர நான்கு நாள் ஆகும். நெருக்கடி உண்மையானதே. ஆயினும் அந்தச் சேலை வராமற்போனால் சங்கத்துக்கு விற்பனைப் பணம் வராது. பணம் வராவிடில் அடுத்த மாத நூல் குறையும். நூல் குறைந்தால் நிற்பது நான்கு வீடு தள்ளி உள்ள, ஒரு குற்றமும் அறியாத விதவையின் தறி. மரக்கிளையில் சோறு கட்டியவர்கள் முகம் தெரியாதவரின் பசியை எண்ணினர். நாமோ முகம் தெரிந்தவரின் தறியை மறந்துவிடுகிறோம்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் கண்டேன். ஸ்ரீரங்கம் வட்டத்தில் ஆற்றோரம் வாழை பயிரிடும் ஓர் அங்கத்தினர். குலை தள்ளிய மரங்களில் பெரும்பகுதி ஒரு மாலைக் காற்றில் சாய்ந்துவிட்டது. தவணைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. மூன்றாம் நாளே அவர் சங்கத்துக்கு வந்து, எத்தனை மரம் நின்றன, எத்தனை சாய்ந்தன, முட்டுக் கொடுத்தவற்றில் எத்தனை பிழைக்கும், அவற்றிலிருந்து எவ்வளவு கட்ட இயலும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மகனின் பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாள். தவணை தவறிய பின் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்பவர்களையே அதிகம் பார்த்திருந்த செயலாளர், அத்தாளை மடிக்காமல் கோப்பில் வைத்தார். நிர்வாகக் குழு மறுவாரமே கூடி அவருக்கு அவகாசம் அளிக்க ஏற்பாடு செய்தது. அவர் நிலையில் இருந்த வேறு இருவரும் அதைக் கேள்விப்பட்டுத் தத்தம் கணக்கோடு வந்தனர்.

இதில் வீரம் ஒன்றும் இல்லை என்று தோன்றலாம். நாளொன்றுக்குப் பத்து மைல் நடப்பதிலும் வீரம் இருப்பதாகத் தோன்றாது.

அங்கத்தினர் தம்மிடம் தாமே தொடங்கத்தக்க வேலைகள் சில உண்டு. முதலாவது, வீட்டில் ஒரு கணக்கு நோட்டு. வரவும் செலவும் அன்றன்று எழுதுபவருக்கு, கடன் கேட்கும் நாளில் எவ்வளவு வேண்டும், எவ்வளவு திருப்ப முடியும் என்பது தெரிந்திருக்கும். தெரிந்தவர் அளவுக்கு மீறிக் கேட்கமாட்டார். இந்த ஒன்றை நான் மிகவும் வற்புறுத்துகிறேன். நான் கண்டவரை, தவணை தவறியவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றுக்காரர் அல்லர், கணக்கு இல்லாதவர்களே. அடுத்து, தேர்தல் இல்லாத ஆண்டிலும் பேரவைக் கூட்டத்துக்குச் செல்வது. தணிக்கை அறிக்கையைப் படிக்கக் கேட்பது. புரியாத ஒரு தொகையைப் பற்றிக் கோபமின்றி ஒரு கேள்வி கேட்பது. நிர்வாகக் குழுவில் இருப்போருக்கு இன்னும் ஒன்று கூடுதல்: தம் சொந்தக் கடனின் தவணையை முதல் ஆளாகக் கட்டுவது.

இம்மாதப் படிப்பு வட்டம் கூடும்போது இரண்டு வினாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சங்கத்துக்கு ஒரு நெருக்கடி வந்து, கூலி இரண்டு வாரம் தாமதமானால், துணியை வெளியே கொடுக்காமல் நிற்கக்கூடியவர் எத்தனை பேர்? அவர்களுடைய அடுப்பு அந்த இரண்டு வாரமும் எரிவதற்கு, சங்கத்தின் சேமிப்பிலிருந்தோ மற்ற அங்கத்தினரிடமிருந்தோ என்ன ஏற்பாடு இப்பொழுதே செய்து வைக்கலாம்? விடைகளைப் பெயர் குறிப்பிடாமல் எழுதித் தீர்மானப் புத்தகத்தோடு வைத்திருந்தால், அடுத்த முறை ஆய்வுக்கு வரும்போது நானும் படித்துப் பார்க்கிறேன்.