பழைய கடன் பொலிஸ் கிளியரன்ஸைத் தடுக்குமா?

கேள்வி: குழுக்கடன் தவணை தவறி, பிறகு கட்டி முடித்தேன். வெளிநாட்டு வேலைக்கு பொலிஸ் கிளியரன்ஸ் கிடைக்குமா?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: பயப்படாதீர்கள், சகோதரி. பொலிஸார் பார்ப்பது குற்றப் பதிவுகளை. தவணை தவறியது குற்றமல்ல. ஆனால் கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுத்து அது திரும்பினால், 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டப்படி வழக்கு வரலாம். அது பதிவில் நிற்கும்.

கடன் விவரம் இருப்பது 'கிரிப்' எனப்படும் கொடுகடன் தகவல் பணியகத்தில். வங்கிகள் அதைப் பார்த்தே கடன் கொடுக்கின்றன. வங்கி மூலம் உங்கள் அறிக்கையைப் பெற்று, கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், தைரியமாக விண்ணப்பியுங்கள்.