ஓடும் இலக்கைத் தொடரும் கருவிகள்

தில்லிக்கு நான் வந்த முதல் ஆண்டு; மார்கழி மாதம். விடுதி மொட்டைமாடியில் என்னுடைய சிறு தொலைநோக்கியை நிறுத்தி, கிழக்கே எழுந்துவந்த வியாழனையும் அதன் நான்கு நிலவுகளையும் காட்டுவதாகச் சொல்லி நண்பர்கள் எண்மரை அழைத்திருந்தேன். தொலைநோக்கியைத் தாங்கும் மரப்பீடம் திருநெல்வேலியில் எங்கள் தெருத் தச்சர் செய்து கொடுத்தது. ஊரில் அதன் திருகு ஒன்றை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தால் போதும். கோள் கண்ணை விட்டு அகலாது. இங்கோ முதலில் பார்த்த இருவருக்குத்தான் வியாழன் தெரிந்தது. மூன்றாமவர் குனிவதற்குள் அது பக்கவாட்டில் நழுவிவிட்டது. மீண்டும் தேடிப் பிடித்தேன். மூன்று நிமிடத்தில் மீண்டும் நழுவியது. குளிரில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். "நாளைக்குப் பாத்துக்கலாம்ண்ணே" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, கடைசியாக நின்ற முதலாண்டுத் தம்பியும் போனான்.

கருவி பழுதுபடவில்லை. அப்படியானால் பிழை எங்கே? அதைத் தேடப் போய், நகரும் பொருளைப் பின்தொடர மனிதன் செய்த கருவிகளைப் பற்றிச் சிறிது கற்றுக்கொண்டேன். கற்றதை நம் மன்ற அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இடத்தைச் சொல்ல இரு வழிகள்

வானில் ஒரு பொருள் இருக்குமிடத்தை இரு வகையாகச் சொல்லலாம். எத்திசையில், எவ்வளவு உயர்ந்த கோணத்தில், எவ்வளவு தொலைவில் என்று சொல்வது ஒன்று. கிழக்கே இத்தனை மீட்டர், வடக்கே இத்தனை மீட்டர், மேலே இத்தனை மீட்டர் என்று சொல்வது மற்றொன்று. இவ்வெண்களுக்கு ஆயத்தொலைகள் என்று பெயர். நம் கண்ணும் கருவியும் முதல் வகையில்தான் காண்கின்றன. ஆனால் இயக்கத்தின் விதி எளிமையாக விளங்குவது இரண்டாம் வகையிலேயாகும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நமக்கு வடக்கே 1 கிலோமீட்டர் தள்ளி, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு விமானம் நேர்கோட்டில் பறக்கிறது. அது 10 விநாடிக்கு 1 கிலோமீட்டர் செல்கிறது என்க. மேற்கே 10 கிலோமீட்டரிலிருந்து 9 கிலோமீட்டருக்கு வரும்போது, அதன் திசைக்கோணம் சுமார் 0.6 பாகைதான் மாறும். அதே விமானம் நம்மை நேரே கடக்கும் 10 விநாடியிலோ கோணம் 53 பாகை மாறிவிடும்! விமானி வேகத்தைக் கூட்டவும் இல்லை, வளைந்து செல்லவும் இல்லை. கோணத்தை மட்டும் பார்ப்பவனுக்கு அது திடீரெனப் பாய்ந்ததுபோலத் தோன்றும். கிழக்கு, வடக்கு, உயரம் என்று மாற்றி எழுதிப் பாருங்கள்: ஓர் எண் 10 விநாடிக்கு 1 கிலோமீட்டர் வீதம் மாறுகிறது, மற்ற இரண்டும் மாறுவதே இல்லை. ஆயத்தொலைகளை மாற்றுவதன் பயன் இதுவே.

கனவில் வந்த கருவி

இம்மாற்றம் உயிர் காக்கும் கலையாக ஆனது இரண்டாம் உலகப் போரில். விமான எதிர்ப்புப் பீரங்கியின் குண்டு மேலே போய்ச் சேர 15 விநாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் நாம் சொன்ன விமானம் 1,500 மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே விமானம் இருக்கும் இடத்தைச் சுடுவதில் பயனில்லை. அது இருக்கப்போகும் இடத்தைச் சுடவேண்டும்.

1940ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டேவிட் பார்க்கின்சன் என்னும் இளம் பொறியாளர், வரைபடத் தாளில் பேனாவைத் தானாக நகர்த்தும் ஒரு கருவியைச் செய்துகொண்டிருந்தார். அதற்கு உயிர்நாடி பொட்டென்ஷியோமீட்டர். அதாவது, தொடுமுனையை நகர்த்தினால் மின்னழுத்தம் மாறும் ஒரு கம்பிச் சுருள். ஓரிரவு அவருக்கு ஒரு கனவு வந்தது. சுடுந்தோறும் விமானத்தை வீழ்த்தும் ஒரு பீரங்கி. அருகே சென்று பார்த்தால் அதில் அவருடைய பொட்டென்ஷியோமீட்டரே பொருத்தப்பட்டிருந்தது. பேனாவை நகர்த்துவது பீரங்கியையும் நகர்த்தலாம் அன்றோ! தம் மேலாளர் கிளாரன்ஸ் லவலிடம் இதைச் சொன்னார். இருவரும் தொடங்கிய வேலை எம்-9 என்னும் மின்கணிப்புக் கருவியாக முடிந்தது.

அதன் வேலை முறை இது. எஸ்.சி.ஆர்.-584 என்ற ரேடார், தன் அலைக்கற்றையை நடு அச்சிலிருந்து சற்றே சாய்த்துச் சுழற்றும். இலக்கு நடுவில் இருந்தால் எதிரொலி ஒரே அளவாக வரும். விலகினால் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டே மோட்டார்கள் ரேடாரை இலக்கின் பக்கம் திருப்பிவிடும். இவ்வாறு கிடைத்த தொலைவும் இரு கோணங்களும் எம்-9க்குப் போகும். அங்கே சைன், கொசைன் மதிப்புக்கேற்ற வடிவில் வெட்டிய அட்டைகளின்மேல் கம்பி சுற்றிய பொட்டென்ஷியோமீட்டர்கள், கோணங்களை மீட்டர்க் கணக்காக மாற்றும். வேகம் அறிந்து, வருங்கால இடத்தைக் கணித்து, அதை மீண்டும் கோணங்களாக மாற்றிப் பீரங்கிக்கு அனுப்பும்.

1944இல் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் இலண்டனை நோக்கி வந்தபோது, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் இவ்விரு கருவிகளும், இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் புதிய வெடிமுனையும் சேர்ந்து அவற்றுள் பெரும்பாலானவற்றை வீழ்த்தத் தொடங்கின. வி-1இல் விமானி இல்லை. அது நேராகவும் ஒரே வேகத்திலும் பறந்தது. 'இலக்கு தன் போக்கிலேயே செல்லும்' என்னும் ஊகத்தின்மேல் நின்ற கணக்குக்கு அதைவிடப் பொருத்தமான இலக்கு ஏது?

அச்சைச் சாய்த்தால் போதும்

விண்மீனைத் தொடர்வோனுக்கு இத்தனை கணக்கு வேண்டியதில்லை. விண்மீன் ஓடவில்லை, நாம்தாம் சுழல்கிறோம், மணிக்கு ஏறத்தாழ 15 பாகை. தொலைநோக்கியின் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துவிட்டால், அந்த ஓர் அச்சில் சீராகத் திருப்பினாலே போதும். 1824இல் ஜோசப் பிரௌன்ஹோபர், தோர்பாத் நகர வானாய்வகத்துக்குச் செய்த தொலைநோக்கியில் இவ்வாறு சாய்த்த அச்சைக் கடிகார இயந்திரமே திருப்பியது.

இவ்வகையில் வியக்கத்தக்க படைப்பு நம் உதகமண்டலத்தை அடுத்த முத்தொரையில் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் முடிந்த வானொலித் தொலைநோக்கி அது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். இவ்வளவு பெரிய பொருளின் அச்சைச் சாய்த்துத் தாங்குவது எப்படி? அவ்விடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை. ஆகவே வடக்கு தெற்காக 11 பாகை சரிந்த ஒரு மலைச்சரிவைத் தேடி, அதன்மேலேயே கட்டிவிட்டார்கள். ஒரே அச்சில் திருப்பி, ஒரு வானொலி மூலத்தை ஒன்பதரை மணி நேரம் தொடர முடிகிறது. பிறர் இயந்திரத்தால் செய்த மாற்றத்தை அங்கே மலையே செய்கிறது.

பின்னர் கணிப்பொறி வந்தது. 1975இல் காக்கசஸ் மலையில் இயங்கத் தொடங்கிய 6 மீட்டர் சோவியத் தொலைநோக்கி, சாய்ந்த அச்சைக் கைவிட்டு, திசைக்கோணத்தையும் ஏற்றக்கோணத்தையும் ஓயாமல் கணித்துத் திரும்பியது. அதன்பின் பெரும்பாலான பெருந்தொலைநோக்கிகள் அவ்வழியையே பின்பற்றின. அவற்றுக்கும் ஒரு தொல்லை உண்டு: விண்மீன் நேர் உச்சியருகே கடக்கும்போது திசைக்கோணம் பாய்ந்து மாறும். நம் விமானத்தின் 53 பாகைதான் அங்கும்!

மூன்று செங்கல்

இனி என் மொட்டைமாடிக்கு வருவோம். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே அவ்வூரின் அட்சரேகை. திருநெல்வேலியில் அது 8.7 பாகை, தில்லியிலோ 28.6. எங்கள் ஊர்த் தச்சர் பீடத்தை எங்கள் ஊர் வானத்துக்குச் சரியாகத்தான் அறுத்திருந்தார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூக்கிவந்த நான்தான், இந்த ஊரின் வானம் வேறு சாய்வுடையது என்பதை எண்ணவில்லை.

வேண்டிய கூடுதல் சாய்வு 19.9 பாகை. பீடத்தின் அடிப்பலகை 2 அடி, அதாவது 61 சென்டிமீட்டர். அதைச் சைன் 19.9 ஆகிய 0.34 ஆல் பெருக்கினால் சுமார் 21 சென்டிமீட்டர். விடுதியின் பின்புறம் கிடந்த செங்கல்லின் கனம் 7 சென்டிமீட்டர். வடக்கு முனையின் கீழே மூன்று செங்கல்லை அடுக்கிக் கயிற்றால் கட்டினேன்.

அன்றிரவு பார்க்க வந்தது அந்த முதலாண்டுத் தம்பி மட்டுமே. திருகை அவன் கையிலேயே கொடுத்தேன். நான்கு நிலவுகளையும் இரண்டு முறை எண்ணிவிட்டு, கண்ணை எடுக்காமலே, "இன்னும் அங்கதாண்ணே இருக்கு" என்றான்.

செங்கற்கள் இன்னும் மாடியில்தான் இருக்கின்றன. முகில் இல்லாத சனிக்கிழமை இரவுகளில் அன்பர்கள் வரலாம்; கம்பளி எடுத்துவருவது நலம்.