கடற்கரை மணலும் அணு உலைக் குழாயும்

ஹைதராபாத் நகரில் ஏ.எஸ்.ராவ் நகர் என்னும் குடியிருப்புப் பகுதி உள்ளது. 1967-ல் தோன்றிய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷன் ஆஃப் இந்தியா நிறுவனத்தை உருவாக்கிய விஞ்ஞானி ஏ.எஸ். ராவின் பெயரை அது தாங்கியுள்ளது. அதனை அடுத்து, 1971-ல் நிறுவப்பெற்ற அணு எரிபொருள் தொகுதி இயங்கி வருகிறது. யுரேனிய வில்லைகளை அடைக்கும் ஜிர்க்கோனியக் கலப்புலோகக் குழாய்கள் அங்கு உருவாகின்றன. அவற்றின் மூலப்பொருள் கடற்கரை மணலில் கிடைக்கும் ஜிர்க்கான் என்னும் கனிமம் ஆகும்.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் 1909-ல் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அங்குள்ள மணலில் இல்மனைட், ரூட்டைல், ஜிர்க்கான், கார்னெட், சில்லிமனைட் ஆகியவையும் கலந்துள்ளன. 1950-ல் தொடங்கப்பெற்ற இந்திய அருமண் நிறுவனம் இவற்றை அங்கு பிரித்தெடுத்து வருகிறது.

பிரிக்கும் முறை எளிய தத்துவங்களைச் சார்ந்தது. முதலில் நீரோட்டத்தில் இலேசான குவார்ட்ஸ் மணல் நீக்கப்படும். எஞ்சியவற்றுள் இல்மனைட் காந்தத்தால் கவரப்படும், மின்சாரத்தையும் கடத்தும். ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், காந்தத்திற்கு இணங்காது. மோனசைட் வலிய காந்தத்திற்கு மட்டும் இணங்கும், மின்சாரத்தைக் கடத்தாது. ஜிர்க்கான் இவ்விரண்டிற்கும் இணங்காது. ஆயினும் சில்லிமனைட்டைவிடக் கனமானது. ஆசிரியர்கள் ஆற்று மணலில் காந்தத்தை உலாவவிட்டு, ஒட்டிக்கொள்ளும் கருந்துகள்களைக் காட்டி, இத்தத்துவத்தின் முதற்படியை விளக்கலாம்.

இவ்வாறு பிரித்த பின்னரும் ஒரு தடை எஞ்சுகிறது. ஜிர்க்கோனியத்துடன் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு ஹாப்னியம் இயற்கையிலேயே இணைந்திருக்கும். இரசாயனக் குணங்களில் இரண்டும் இரட்டையர் போன்றவை. ஆனால் ஹாப்னியம் ஜிர்க்கோனியத்தைவிட 500 மடங்குக்கு மேல் நியூட்ரான்களை உட்கொள்ளும். நமது கனநீர் உலைகள் பெரும்பாலும் செறிவூட்டாத யுரேனியத்தால் இயங்குவன. வீணாகும் ஒவ்வொரு நியூட்ரானும் தொடர்வினையை நலிவுறச் செய்யும். ஆகவே கரைப்பானைக் கொண்டு ஹாப்னியத்தைப் பத்து இலட்சத்தில் 100 பங்குக்கும் கீழாகக் குறைக்கின்றனர். பின்னர் குளோரைடாக மாற்றி, மக்னீசியத்தால் ஒடுக்கி, உலோகத்தைக் கடற்பஞ்சு போன்ற வடிவில் பெறுகின்றனர்.

மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் அடங்கியிருத்தலால், அது அணுசக்தி தொடர்பான சட்டத்தின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. ஆகவே களப்பணியாளர் தம் அறிக்கையில் "கருமணல் உண்டு" என்று மட்டும் எழுதுதல் போதாது. எடுத்த இடம், ஆழம், ஒவ்வொரு கனிமத்தின் விகிதம் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்தல் வேண்டும். அக்குறிப்பைக் கொண்டே ஒரு படிவு சுரங்கத்திற்கு ஏற்றதா என்பதும், அங்கு எத்தகைய பாதுகாப்புத் தேவை என்பதும் முடிவாகும்.