மவுத்வாஷ் பல் அடைப்பைக் கழற்றிவிடுமா?

கேள்வி: காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறேன். கீழ்ப்பல் ஒன்று ஈறோரம் குழிந்து, டீ குடித்தாலே கூசியது. சித்திரையில் வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். ஆடி முடிவதற்குள் முழுசாகக் கழன்று வந்துவிட்டது. ஈறில் ரத்தம் வருகிறதென்று மருந்துக் கடையில் வாங்கிய மவுத்வாஷால் பல மாதங்களாக இரண்டு வேளையும் கொப்பளிக்கிறேன். அந்த மருந்துதான் சிமெண்டைக் கரைத்துவிட்டது என்கிறார் பக்கத்து மண்டி அண்ணாச்சி. உண்மையா? மறுபடி அடைத்தால் நிற்குமா?

– வாசகர், திருச்சி

பதில்: பாட்டிலின் லேபிளைப் படித்துப் பாருங்கள். ஈறில் ரத்தம் என்று கேட்டால் நம் மருந்துக் கடைகளில் பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம்தான் தருவார்கள். உங்களுடையதும் அதுவானால், அடைப்பு கழன்றதற்கு அந்த மருந்தின் மேல் பழி போட வேண்டாம்.

வெள்ளை அடைப்பு பல்லோடு எப்படி ஒட்டுகிறது என்று தெரிந்தால் இது விளங்கும். பல்லின் மேல்தோடான எனாமலில் பாஸ்பாரிக் அமிலம் தடவினால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகும். அவற்றில் பிசின் இறங்கி இறுகிக்கொள்ளும். அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனகோர் 1955-இல் காட்டிய வழி இது; இன்றும் நம்பகமாக நிற்கிறது. எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினில்தான் சிக்கல். அதில் ஈரம் உண்டு, கொலாஜன் என்ற புரத இழை வலையும் உண்டு. அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்ததும் அந்த வலை, உங்கள் மண்டியின் வெங்காயச் சாக்கைப் போல, கண்கண்ணாகத் திறந்து நிற்கும். ஒவ்வொரு கண்ணிலும் பிசின் புக வேண்டும். புகாமல் விட்ட இழைகளை டென்டினிலேயே இருக்கும் நொதிகள் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அரித்துவிடும்.

அந்த நொதிகளைத் தடுக்கும் மருந்துகளில் ஒன்றுதான் இப்போது பழி சுமக்கும் குளோர்ஹெக்சிடின். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிடுங்க வேண்டியிருந்த ஞானப்பற்களை இரு பக்கமும் அடைத்தார்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டுவதற்கு முன் இந்த மருந்தைத் தடவினார்கள். 14 மாதம் கழித்துப் பற்களை எடுத்துச் சோதித்தபோது, மருந்து தடவாத பக்கம் ஒட்டுறுதி கணிசமாகக் குறைந்திருந்தது. தடவிய பக்கம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆனால் இந்த மருந்தால் அடைப்புகள் பல ஆண்டு கூடுதலாக நிற்கின்றன என்று சொல்லும் அளவுக்கு நோயாளிகளிடம் சான்று வலுவாக இல்லை. ஒட்டும் பசையின் வகையைப் பொறுத்தும் விளைவு மாறும். ஆனாலும், இறுகி முடிந்த சிமெண்டைக் கொப்பளிக்கும் மருந்து கரைத்துவிடும் என்பதில் உண்மையில்லை.

வேறு சில திரவங்களில் கவனம் தேவை. ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுச்செல்லும் ஆக்சிஜன் பிசினை இறுக விடாது. பல்லை வெளுக்க வைத்தவர்களை ஓரிரு வாரம் பொறுத்து அடைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். 2020-இல், கொரோனா காலத்தில், சிகிச்சைக்கு முன் பெராக்சைடாலோ பொவிடோன் அயோடினாலோ கொப்பளிக்க வைக்கும் வழக்கம் பரவியபோது கொப்பளிப்பது ஒட்டுதலைக் கெடுக்குமா என்ற கேள்வி பல் மருத்துவர்களான எங்களுக்கும் எழுந்தது. எதில் கொப்பளித்தாலும், அடைக்கும் பல்லை நன்றாகக் கழுவிவிட்டு, எச்சில் படாமல் காத்து ஒட்டுவதே முறை. ஆல்கஹால் மிகுந்த மவுத்வாஷை நெடுநாள் பயன்படுத்தினால் பிசின் அடைப்பின் மேற்பரப்பு சற்று இளகலாம். முழு அடைப்பும் கழன்று வருவதற்கு அது காரணமாகாது.

உங்கள் பல்லில் நான் சந்தேகிப்பது இடத்தைத்தான். ஈறோரக் குழியில் எனாமல் பெரும்பாலும் தேய்ந்து போயிருக்கும், மிஞ்சியது டென்டின்தான். ஈறிலிருந்து கசியும் ஈரமும் ரத்தமும் பக்கத்திலேயே. ஒட்டும் நேரத்தில் ஒரு துளி பட்டாலும் பிடிப்பு போய்விடும். எனவே முதலில் பல்லைச் சுத்தம் செய்து ஈறை ஆற்றிக்கொள்ளுங்கள், பிறகு அடையுங்கள். இந்த வரிசையை நான் ஒருபோதும் மாற்றமாட்டேன். இவ்வகைக் குழிக்கு கிளாஸ் அயனமர் பொருந்துமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். வில்சனும் கென்ட்டும் 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அறிமுகப்படுத்திய சிமெண்ட் அது. பல்லின் கால்சியத்தோடு நேராகப் பிணைந்துகொள்ளும். பளபளப்பு கொஞ்சம் குறைவு, ஆனால் ஈறோரத்தில் நிலைத்து நிற்பதில் அதற்கு நல்ல பெயர் உண்டு. கடினமான பிரஷ்ஷாலும் பல்பொடியாலும் குறுக்கே அழுத்தித் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். அந்தக் குழியே அப்படி வந்திருக்கக்கூடும்.

மவுத்வாஷ் அடைப்பைக் கெடுக்கவில்லை என்பதற்காக அதைத் தொடர வேண்டாம். குளோர்ஹெக்சிடின் வழக்கமாக இரண்டு வாரத்துக்குத்தான். அதற்கு மேல் போனால், இரவு லோடு இறங்க இறங்க டீ குடிக்கிறவருக்குப் பல்லிலும் அடைப்பின் விளிம்பிலும் பழுப்புக் கறை ஏறும். சொத்தை என்று பயந்து வருகிறவர்களும் உண்டு. பேஸ்ட்டால் துலக்கிய உடனே கொப்பளித்தாலும் மருந்தின் வீரியம் குறையும், அரைமணி இடைவெளி வேண்டும். மாதக்கணக்கில் கொப்பளித்தும் ரத்தம் நிற்கவில்லையென்றால், ஈறுக்கு அடியில் காரை தங்கியிருக்கலாம். திரவத்தால் அது போகாது. ஈறு ஆறாததற்கு நீரிழிவும் காரணமாகலாம் என்பதால், ரத்தத்தில் சர்க்கரை அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மண்டி வேலை விடியலில் முடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடாமல், புத்தூர் அரசு மருத்துவமனைக்கோ உங்கள் பல் மருத்துவரிடமோ அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்க் காட்டுங்கள்.