தோடந்தோலும் தொழிலாகுபெயரும்

‘கழி’ என்னும் பகுதியும் ‘வு’ என்னும் விகுதியும் சேர்ந்தமைந்த தொழிற்பெயர் ‘கழிவு’ என்பது. கழிக்கப்பட்ட பொருளுக்கு அது ஆகிவருங்கால் தொழிலாகுபெயராம். எனவே, அச்சொல் பொருளின் இயல்பைச் சுட்டுவதன்று. அப்பொருளுக்கு நாம் செய்ததையே சுட்டுவது. இதனைத் தோடம்பழத்தோல் கொண்டு விளக்குவாம்.

சாற்றுக்காகப் பிழியப்படும் தோடம்பழத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி, தோல், சக்கை, விதை என எஞ்சுகின்றது. புறத்தோலின் சிறு பைகளில் நறுமண எண்ணெய் உளது. அதிற் பெரும்பகுதியாகிய இலிமொனீன், சவர்க்காரத்துக்கு மணமூட்டவும் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றவும் பயன்படும். உள்வெண்டோலில் உள்ளது பெக்டின். 1825 ஆம் ஆண்டிலே பிரான்சிய அறிஞர் பிராக்கொனோ அதனை ஆராய்ந்து பெயரிட்டார். சீனியும் புளிப்பும் சேர்த்துக் காய்ச்சுமிடத்து ஜாமினை உறையச் செய்வது அதுவே. சக்கையொடு சுண்ணாம்பு சேர்ப்பின், அது நீரைப் பற்றிவைக்கும் தன்மை குன்றும். பின்னர்ப் பிழிந்துலர்த்த மாட்டுத்தீவனமாகும். ஆயின் முறை பிறழலாகாது. எண்ணெயை முன்னரே எடாவிடின், சக்கையிலிருந்து எரிவாயு உண்டாக்கும் நுண்ணுயிர்களை இலிமொனீன் ஒடுக்கிவிடும்.

நிலத்துக்கும் இது பயன்படும். கொஸ்தாரிக்கா நாட்டின் குவானக்காஸ்தே பாதுகாப்புப் பகுதியிலே, 1990களின் இறுதியில், ஏறத்தாழ 12,000 தொன் தோலும் சக்கையும் 3 ஹெக்டேயர் வளங்குன்றிய நிலத்திற் கொட்டப்பட்டன. போட்டி நிறுவனமொன்று வழக்குத் தொடுத்தமையால் அம்முயற்சி நின்றது. எனினும், அங்கு வளர்ந்த மரத்திரள் தோலிடாத அயல்நிலத்தினும் 176 வீதம் மிகுந்திருந்ததாக 2017 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

அதே ஆண்டு ஏப்பிரல் 14 ஆம் நாள், புத்தாண்டன்று, நம் ஒருகொடவத்தைக்கு அண்மையிலுள்ள மீதொட்டமுல்லையிலே குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மேடு, பல்லாண்டுகளாக நகரின் பலவகைக் கழிவும் கலந்து குவிந்தது. தனியே நின்ற தோல் தீவனமும் பசளையுமாகும்; பொலித்தீனொடும் உடைந்த கண்ணாடியொடும் கலந்தபின் மீட்டல் அரிது. இரண்டிடத்தும் வேற்றுமை செய்தது பிரித்தல் என்னும் ஒரு தொழிலே.

மாணவர்காள்! கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையிலே தேசிக்காய்த் தோலுக்கும் பழத்தோலுக்கும் தனிவாளி ஒன்று வையுங்கள். நிறைந்ததைக் காய்ந்த இலையொடு கலந்து கூட்டெருவாக்கித் தோட்டத்துக்கு இடுங்கள். உணவுச்சாலையும் பழக்கடையும் நடாத்தும் பழைய மாணவர்களும் இவ்வாறே செய்வாராயின், நம் அயலார் வீட்டருகே குவியும் சுமை அவ்வளவுக்குக் குறையும்.