தொடுமுன் சொல்லுங்கள்



ஓட்டிசம் என்னும் சொல் இன்று படுவான்கரைக் கிராமங்களிலும் கேட்கிறது. அமெரிக்காவில் லியோ கன்னர் என்னும் வைத்தியர் 1943 இல் இதனை விரிவாக எழுதினார். இலங்கையின் அரை நகர்ப்புறப் பகுதியொன்றில், 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளிடையே நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்று, 93 பேருக்கு ஒருவரிடம் இது உண்டெனக் கண்டது. இப்பிள்ளைகளின் பேச்சைப் பற்றியும் பிடிவாதத்தைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். இவர்களுக்கும் முதுகு நோகும், கால் உளையும் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

இவர்களுக்கு நோவே உறைப்பதில்லை என்று முன்னாளில் வைத்தியர்களும் எண்ணியிருந்தார்கள். அது பிழை. நோவு உண்டு, அதைச் சொல்லும் வழிதான் வேறு. ஒருவர் தலையைச் சுவரில் மோதுவார். ஒருவர் சாப்பிட மறுப்பார். இன்னொருவர் இரவிரவாக உறங்கார். நாவூறு என்று நூல் கட்டுமுன் பல்லையும் காதையும் வயிற்றையும் வைத்தியரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல் இவர்களிடையே மிகச் சாதாரணம். சிலர் நுனிக்காலிலேயே நடப்பதால் கெண்டைக்கால் தசை இறுகிப்போகும். சிலருக்கு மூட்டுகள் அளவுக்கு மிஞ்சி வளைவதால் மாலையானால் உளைவெடுக்கும். தசை, மூட்டு நோவுகளுக்கு இயன்மருத்துவம், அதாவது பிசியோதெரபி, பயன் தரக்கூடும். அது ஓட்டிசத்தை மாற்றாது; மாற்றுமென்று காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

ஆனால் தொடுவதே சிலருக்குத் துன்பமாயிற்றே, என்ன செய்வது? அமெரிக்கப் பேராசிரியை டெம்பிள் கிராண்டின் ஓட்டிசம் உள்ளவர். சிறுவயதில் யாராவது அணைத்தால் விலகி ஓடுவார். ஆனால் இறுக்கமான அழுத்தத்துக்கு அவர் உடல் ஏங்கியது. பதினெட்டு வயதில், மாடுகளை அசையாமல் நிறுத்தும் பட்டியைப் பார்த்து, இருபுறமும் பலகை வந்து உடலை அழுத்தும் பொறியொன்றைத் தமக்கெனச் செய்துகொண்டார். அந்தப் பொறியை இயக்கும் பிடி அவர் கையிலேயே இருந்தது. இதைக் கவனியுங்கள், வாசகர்களே. எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது என்பதை அவரே தீர்மானித்தார்.

நம்மிடையே நடப்பதென்ன? நாலு பேர் பிடித்துக்கொள்ள, அலறும் பிள்ளைக்கு எண்ணெய் போட்டு உருவுகிறோம். நோவு போகாது, தொடுகையில் உள்ள பயந்தான் வளரும்.

எங்கே தொடப்போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். உங்கள் கையிலேயே செய்துகாட்டுங்கள். பிள்ளையின் கையை உங்கள் கையின்மேல் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். மெல்லத் தடவுவது பலருக்குக் கூச்சமாயிருக்கும். உள்ளங்கையை அசையாமல், உறுதியாக வைப்பதைப் பொறுத்துக்கொள்வார்கள். வேப்பெண்ணெயின் மணம் பிடிக்காவிட்டால் எண்ணெயே வேண்டாம். நாள்தோறும் ஒரே நேரம், ஒரே இடம், ஐந்து நிமிடம். கையைத் தட்டினாலோ முகத்தைத் திருப்பினாலோ உடனே நிறுத்துங்கள். வீங்கிய மூட்டையும், விழுந்து அடிபட்ட இடத்தையும் வைத்தியர் பார்க்குமுன் தொடவே கூடாது.

வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் ஒரு துண்டில் மூன்று விடயங்களை எழுதிச் செல்லுங்கள்: பிள்ளை எந்தத் தொடுகையை வெறுக்கிறது, எந்தச் சத்தத்துக்கு அஞ்சுகிறது, நோகும்போது என்ன செய்கிறது. சிகிச்சையாளர் கை வைக்குமுன் அதை அவரிடம் கொடுங்கள்.